ஐஸ் பெட்டியில் உறங்கிய மருந்து

நூறாண்டு வாழ்க என்று வாழ்த்துவது நம் மரபு. அந்த நூறாவது ஆண்டில் மனிதருடைய முழங்கால் எப்படியிருக்கும், நினைவாற்றல் எப்படியிருக்கும் என்று வாழ்த்துவோர் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நம் திலக் நகரிலேயே, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்களில், தெருவுக்கு இறங்க மாட்டாமல் சன்னலோரத்தில் நாளைக் கழிக்கும் பெரியவர்களைக் கண்டவர்களுக்கு ஆயுள் வேறு, உடல்நலத்தோடு கூடிய ஆயுள் வேறு என்று விளக்க வேண்டியதில்லை. இந்த இரண்டாவது ஆயுளை நீட்ட இன்று உலகெங்கும் நடைபெறும் ஆராய்ச்சியில் ராபமைசின் என்ற மருந்தின் பெயர் ஓயாமல் அடிபடுகிறது. அதைக் கண்டெடுத்துக் காத்தவர் சுரேந்திரநாத் சேகல்.

சேகல் 1932 ஆம் ஆண்டு பஞ்சாபில் குஷாப் என்னும் ஊரில் பிறந்தார். அவருக்குப் பதினைந்து வயதானபோது நாடு பிரிந்தது. பிறந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. காசி இந்து சர்வகலாசாலையில் மருந்தியல் பயின்று, பின் இங்கிலாந்து சென்று 1957 இல் பிரிஸ்டலில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கிருந்து கானடா. ஒட்டாவாவில் சிறிது காலம் ஆராய்ச்சி செய்துவிட்டு, மான்ட்ரியால் நகரில் அயர்ஸ்ட் என்னும் மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைப்பவர் கதை நமக்குப் புதிதன்று. ஆதலால் விரைந்து மேலே செல்வோம்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே, மாபெரும் கற்சிலைகளுக்குப் பெயர்போன ஈஸ்டர் தீவு இருக்கிறது. 1964 டிசம்பரில் கானடா நாட்டு மருத்துவக் குழு ஒன்று அங்கே சென்று இறங்கியது. தீவு மக்கள் வெறுங்காலோடு நடமாடியும் அவர்களுக்கு வில்வாத ஜன்னி காண்பதில்லையே, காரணம் யாதோ என்று குழுவிலிருந்த நொக்ராடி என்ற நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர் வியந்தார். தீவைக் கூறுகளாகப் பிரித்து மண் திரட்டினார். அந்த மண் சில ஆண்டுகளில் அயர்ஸ்ட் ஆராய்ச்சிச்சாலைக்கு வந்து சேர்ந்தது. அதில் வாழ்ந்த ஒரு பாக்டீரியா பூஞ்சக்காளானை ஒடுக்கும் சரக்கு ஒன்றைச் சுரப்பதைச் சேகலும் அவர் தோழர்களும் கண்டனர்; 1972 இல் அதைப் பிரித்தெடுத்தனர். தீவின் சொந்தப் பெயர் ராப்பா நுயி. அதிலிருந்து பிறந்தது ராபமைசின் என்னும் பெயர். (மண்ணுக்குச் சொந்தக்காரரான தீவு மக்களுக்கு இதில் கிடைத்த பங்கு என்ன என்ற கேள்வி இன்றும் எழுப்பப்படுகிறது. எழுப்பப்பட வேண்டியதே.)

காளானைக் கொல்ல வந்த மருந்து உடலின் நோயெதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிட்டது. கம்பெனிக்கு இது பெருங்குறையாகத் தோன்றியது. சேகலோ மருந்தை அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் செய்தார். புற்றுக்கட்டிகளின் வளர்ச்சியையும் அது தடுத்தது. ஆயினும், 1980களின் தொடக்கத்தில் மான்ட்ரியால் ஆராய்ச்சிச்சாலை மூடப்பட்டது. ஊழியர் பலர் வேலை இழந்தனர். இலாபம் தராத சரக்குகளை அழித்துவிடும்படி உத்தரவு பிறந்தது.

சேகல் அழிக்கவில்லை. கடைசியாக ஒருமுறை ராபமைசினைப் பெருமளவில் தயாரித்து, சிறு சீசாக்களில் அடைத்து, தம் வீட்டு ஐஸ் பெட்டியில் வைத்தார். வீட்டார் எடுத்து உண்டுவிடாதபடி எச்சரிக்கைச் சீட்டும் ஒட்டினார். அமெரிக்காவில் பிரின்ஸ்டனுக்குக் குடிபெயர்ந்தபோது மருந்தும் குளிர் மாறாமல் உடன் சென்றது. மேலதிகாரிகளிடம் அவர் விடாமல் மன்றாடினார். கம்பெனி வேறொன்றோடு இணைந்து நிர்வாகம் மாறிய பிறகே, 1988 இல், ஆராய்ச்சிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அந்தக் குறையே இப்போது குணமாயிற்று! பிறர் சிறுநீரகத்தைப் பொருத்திக்கொண்டவர்களின் உடல் அதைத் தள்ளிவிடாமல் காக்கும் மருந்தாக 1999 இல் அமெரிக்க அரசு அதை அங்கீகரித்தது.

அதற்கு முந்திய ஆண்டே சேகலுக்குப் பெருங்குடற் புற்றுநோய் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது. டாக்டர்கள் அதிக நாள் கொடுக்கவில்லை. அவர் தம் மருந்தைத் தாமே உட்கொண்டார். குறித்த கெடுவைக் கடந்து ஆண்டுகள் ஓடின. பின்னர் அவர் செய்த காரியம் விந்தையானது. உயிரைக் காத்தது மருந்துதானா என்று அறிய, அதை நிறுத்திப் பார்த்தார். நோய் திரும்பிப் பரவியது. 2003 ஜனவரியில், எழுபதாம் வயதில் மறைந்தார். ஒரே ஒரு மனிதரிடம் நடந்த சோதனையால் எதையும் நிறுவ முடியாது என்பது விஞ்ஞான மாணவர் அறிந்ததே. சேகலும் அறியாதவர் அல்லர்.

மூப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 1991 இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஹால் என்பவரின் ஆராய்ச்சிச்சாலையில், ஈஸ்ட் உயிரணுவுக்குள் ராபமைசின் தாக்கும் இலக்கைக் கண்டறிந்தனர். டார் என்று அதற்குப் பெயர். கல்யாண வீட்டுச் சமையற்கட்டை எண்ணிப் பாருங்கள். அரிசி மூட்டை வந்து இறங்கும்வரை அடுப்பு அணையாது. பாத்திரம் துலக்க ஆளிராது. வரத்து குறைந்தால்தான் கரிபிடித்த அண்டாவைத் தேய்ப்பார்கள். டார் அந்தத் தலைமைப் பரிசாரகர். உணவு மிகுந்தால் உயிரணுவை வளரச் சொல்லும்; குறைந்தால் பழுதான பகுதிகளைக் கரைத்துத் துப்புரவு செய்யச் சொல்லும். சரக்கு தீர்ந்துவிட்டதென்று ராபமைசின் அவரை ஏமாற்றுகிறது. எலிகளுக்குத் தீனியைக் குறைத்தால் ஆயுள் நீள்கிறது என்று 1935 இலேயே அமெரிக்காவில் மக்கே காட்டியிருந்ததன் காரணத்தில் ஒரு பகுதி இங்கே புலனாகிறது.

2009 இல், அமெரிக்காவில் மூன்று ஆராய்ச்சிச்சாலைகள் சேர்ந்து சுண்டெலிகளுக்கு ராபமைசின் ஊட்டிய முடிவு வெளிவந்தது. மருந்தைத் தீனியில் கெடாமல் கலக்கும் வழி காணத் தாமதமானதால், தொடங்கும்போது எலிகளுக்கு 600 நாள் வயதாகிவிட்டது. மனிதக் கணக்கில் ஏறத்தாழ அறுபது. அப்படியிருந்தும், நெடுங்காலம் வாழ்ந்தவற்றின் வயதை வைத்துக் கணக்கிட்டால், பெண் எலிகளின் ஆயுள் 14 விழுக்காடும் ஆண் எலிகளின் ஆயுள் 9 விழுக்காடும் நீண்டன. முதுமையில் தொடங்கிய மருந்து ஒன்று பாலூட்டிகளின் ஆயுளை நீட்டியதைத் தெளிவாகக் காட்டிய முதற்சோதனை அது. சேகல் மறைந்து அப்போது ஆறாண்டுகள் ஆகியிருந்தன.

மனிதரின் ஆயுளை இது நீட்டுமா என்பது இன்னும் நிறுவப்படவில்லை. வாய்ப்புண், இரத்தத்தில் கொழுப்பு மிகுதல், காயம் ஆறத் தாமதம், தொற்றுநோய்க்கு எளிதில் இரையாதல் ஆகிய தொல்லைகள் இதற்கு உண்டு. எவ்வளவு கொடுத்தால், எத்தனை நாள் இடைவெளி விட்டுக் கொடுத்தால் தொல்லை குறைந்து நன்மை மிஞ்சும் என்றே இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.