ஞாயிற்றின் வெம்மையை அளந்த லாங்லி

கதிரவன் நாள்தோறும் வழங்கும் வெம்மையை யாவரும் பெறுகின்றோம். அது எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போர் மிகச் சிலரே. அக்கணக்கைப் பார்க்கப் புகுந்து, விடையில் தவறினும், பின்வந்தோர் உண்மை காண்பதற்கு வழி சமைத்த பேரறிஞர் ஒருவருடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவோம்.

ஸாமுவேல் பியர்பாண்ட் லாங்லி என்பார் 1834-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ந் தேதி, அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த ராக்ஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். உயர்தரப் பாடசாலையோடு அவரது பள்ளிப்படிப்பு முடிவுற்றது. கலாசாலையில் மாணவராக அவர் கால் வைத்ததே இல்லை. சில ஆண்டுகள் கட்டிட நிர்மாணத் தொழிலில் காலங்கழித்தார். எனினும், வான சாஸ்திரத்தின்மீது இளமையிற் கொண்ட வேட்கை தணியவில்லை. தம் சகோதரருடன் சேர்ந்து தூரதர்சினியொன்றைத் தம் கையாலேயே அமைத்தார். நூல்களையே ஆசிரியராகக் கொண்டு பயின்ற அவர், 1867-ல் பிட்ஸ்பர்க் நகரையடுத்த அலெகெனி வானாராய்ச்சி நிலையத்தின் தலைவரானார். அங்கே பொருள் முடை மிகுந்திருந்தது. விண்மீன்களைப் பார்த்துச் சரியான நேரத்தைக் கணித்து, அதை ரெயில்வே கம்பெனியாருக்குத் தந்தி மூலம் அறிவித்து, அதனால் வந்த ஊதியத்தைக் கொண்டு ஆராய்ச்சியை நடத்தினார்.

அவர் மனத்தைக் கவர்ந்த வினா இதுவே: பூமியின் காற்று மண்டலத்துக்கு அப்பால், சூரியனுக்கு நேர்முகமாக நிறுத்திய ஒரு சதுர ஸென்டிமீட்டர் பரப்பில், ஒரு நிமிஷத்தில் எத்துணை உஷ்ணம் வந்து படியும்? பூமி சூரியனிடமிருந்து தன் சராசரித் தூரத்தில் இருக்கும்போது கிடைக்கும் இவ்வளவே சூரிய மாறிலி எனப்படும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஸென்டிகிரேடு சூடேற்றும் உஷ்ணம் ஒரு கலோரி. பிரெஞ்சு அறிஞர் பூயே, 1837, 1838-ஆம் ஆண்டுகளில், இம்மாறிலி ஏறக்குறைய 1.76 கலோரி என்று கணித்திருந்தார். ஆனால் அவர் ஒளி முழுவதையும் ஒன்றாகவே கொண்டார். காற்று எல்லா நிறங்களையும் ஒரே அளவில் தடுப்பதில்லை. நீலம் மிகுதியாகக் குறையும். சிவப்பு குறைவாகவே குறையும். எளிதில் தடைப்படும் கதிர்கள் நம்மை அடையுமுன்பே இழக்கப்படுவதால், மொத்தமாக அளப்பவர் கணக்குக் குறைந்தே தீரும். இதனை லாங்லி தெளிவாகக் கண்டார்.

நிறந்தோறும் தனித்தனியே அளக்க நுண்ணிய கருவி வேண்டுமன்றோ? 1880-ஆம் ஆண்டையொட்டி அவர் போலோமீட்டரை அமைத்தார். கரி பூசிய, மிக மெல்லிய இரண்டு உலோகத் தகடுகள் அதில் உள்ளன. ஒன்றின்மேல் கதிர் படும்; மற்றது மறைந்திருக்கும். சூடேறிய தகட்டில் மின்சாரத் தடை மிகும். அவ்வேற்றுமையைக் கால்வனாமீட்டர் காட்டிக் கொடுக்கும். ஒரு டிகிரியில் லட்சத்தில் ஒரு பங்கு உஷ்ணமும் இதற்குத் தப்பாது.

சூரியன் தலைக்குமேல் நிற்கும்போது கதிர் கடக்கும் காற்றைப்போல், அது 30 டிகிரி உயரத்தில் நிற்கும்போது இரு மடங்கு காற்றைக் கடக்க வேண்டும். இவ்வாறு வெவ்வேறு வேளைகளில் அளந்து, காற்றே இல்லையாயின் என்ன கிடைக்கும் என்று பின்னோக்கிக் கணிப்பது அவர் கையாண்ட முறை. 1881-ல் கலிபோர்னியாவிலுள்ள விட்னி மலைக்குக் கருவிகளுடன் சென்றார். அடிவாரத்து லோன் பைன் என்னுமிடத்திலும், மலைமேல் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்திலும் அளவுகள் எடுக்கப்பட்டன. செந்நிறத்துக்கு அப்பால், கண்ணுக்குப் புலனாகாத கதிர்கள் அதுவரை எண்ணியதினும் நெடுந்தூரம் பரந்திருப்பதையும் அங்கே கண்டார்.

இவ்வளவு உழைத்தும் விடை பிழைத்தது. அவர் எடுத்த அளவுகள் முறைப்படி 2 கலோரிக்குச் சற்று மேலான தொகையையே தந்தன. அதுவும் குறைவென்று கருதி மேலும் ஒரு திருத்தத்தைக் கூட்டி, மாறிலி 3 கலோரி என்று வெளியிட்டார். பிறர் பிழையைக் கண்ட கூர்மையே அவரை எல்லை கடக்கச் செய்தது எனலாம். பல ஆண்டுகள் அத்தொகையே நூல்களில் வழங்கிற்று. 1887-ல் ஸ்மித்ஸோனியன் நிலையத்தின் காரியதரிசியானபின், அங்கே சூரிய ஆராய்ச்சிக்கென்று ஒரு நிலையத்தையும் நிறுவினார். 1895-ல் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த ஆபட் என்பவரே, அவர் கருவியையும் முறையையும் கொண்டு, மாறிலி 2 கலோரிக்கும் சற்றுக் குறைவென்று பின்னர் நிறுவினார். காற்று மண்டலத்துக்கு அப்பாற் சுற்றும் செயற்கைக் கோள்கள் இன்று காட்டும் அளவு, சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட். அஃதாவது நிமிஷத்துக்குச் சதுர ஸென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.95 கலோரி.

ஆகாய விமானத்திலும் அவர் கருத்துச் செலுத்தினார். 1896-ல் ஆளில்லாத அவரது விமானம் பறந்தது. 1903-ல் ஆளேறிய விமானம் அக்டோபரிலும் டிஸம்பரிலும் நீரில் வீழ்ந்தது; பத்திரிகைகள் எள்ளி நகையாடின. இரண்டாம் வீழ்ச்சிக்கு ஒன்பது நாட்களுக்குப்பின் ரைட் சகோதரர் வெற்றி பெற்றனர். லாங்லி 1906-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி காலமானார்.

ஒரு கணத்தில் விழும் கதிரின் வீதம் வேறு. ஒரு நாள் முழுதும் சேர்ந்த தொகை வேறு. சதுர ஸென்டிமீட்டருக்கு ஒரு கலோரி என்னும் தொகைக்குப் பிற்காலத்தார் லாங்லி என்றே பெயரிட்டனர். இன்று ஜூலும் வாட்டும் அவ்விடத்தைப் பெரும்பாலும் கொண்டுவிட்டன. எனினும், காற்றில்லா நிலைக்குப் பின்னோக்கிக் கணிக்கும் முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அவர் சொன்ன எண் மறைந்தது; அளக்கும் வழி நிலைத்தது. தம் கணக்கைத் திருத்தவல்ல கருவியையும், அதைக் கையாளவல்ல மாணவரையும் உலகுக்கு விட்டுச் செல்லுதல் ஓர் ஆசிரியருக்குச் சிறு பேறன்று.