நம் சீமை தந்த நடிகர் டி. எஸ். பாலையா

ஸ்ரீவைகுண்டம் என்றதும் வெளியூர் அன்பர்கள் தாமிரபரணி அணைக்கட்டைச் சொல்வார்கள். குமரகுருபர சுவாமிகள் பிறந்த ஊர் என்பார்கள். நடிகர் டி. எஸ். பாலையாவும் இந்தப் பக்கத்தவர்தாம் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சினிமாக்காரர் ஒருவரைப் பற்றிப் பங்கு மடலில் எழுதுவானேன் என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். முழுதும் வாசித்துவிட்டு முகஞ்சுளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பாலையா 1914-ம் வருஷம் ஆகஸ்டு 23-ம் தேதி ஸ்ரீவைகுண்டம் பக்கத்துச் சுண்டங்கோட்டையில் பிறந்தார். அப்போது தூத்துக்குடி தனி மாவட்டம் அல்ல; 1986-ல்தான் அது பிரிந்தது. அவர் பிறந்தபோது இவையெல்லாம் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. சிறு வயதிலேயே கூத்து, சர்க்கஸ் என்றால் அவருக்கு உயிர் என்றும், சர்க்கஸில் சேரும் ஆசையில் வீட்டை விட்டே கிளம்பிவிட்டார் என்றும் ஒரு கதை சொல்லுவார்கள். அது எப்படியோ, அவர் வந்து சேர்ந்த இடம் நாடக மேடை.

அந்தக் காலத்து நாடகக் கம்பெனி என்றால் என்ன என்பதை இளைஞர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாய்ஸ் கம்பெனி என்று அதற்குப் பெயர். எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளை வீட்டிலிருந்து அழைத்துப் போய், ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, அங்கேயே சோறு, அங்கேயே படுக்கை, அங்கேயே பாடம். பாடம் என்றால் பள்ளிக்கூடப் பாடமல்ல, வேஷத்துக்கு உரிய வசனமும் பாட்டும். சொல்லித் தருகிறவர் வாத்தியார். அடியும் உண்டு. தமிழ் நாடகத்துக்கு இப்படி ஒரு முறையை ஏற்படுத்தியவர்களில் தலையானவராகிய சங்கரதாஸ் சுவாமிகளும் நம் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர்தாம். சுவாமிகள் 1922-ல் காலமானபோது பாலையாவுக்கு எட்டு வயது.

அந்தக் கொட்டகைகளில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் தரைச் சீட்டு வாங்கி உட்கார்ந்திருப்பவனுக்கும் வசனத்தின் கடைசி எழுத்து கேட்டாக வேண்டும். அதற்காகக் கத்தினாலோ பாவம் கெட்டுவிடும். கத்தாமல் கேட்கச் செய்வது எப்படி என்பதுதான் அந்தப் பையன்கள் வருஷக்கணக்காகக் கற்ற வித்தை. பாலையாவின் பேச்சை நினைத்துப் பாருங்கள். ஒரு சொல்லை இழுப்பார், அடுத்ததைச் சட்டென்று நறுக்குவார், நடுவே ஒரு செருமல், ஒரு முனகல். ஒன்றும் வீணாய்ப் போகாது. இது ஸ்டூடியோவில் கற்றதல்ல, மேடையில் கற்றது.

1936-ல் சதி லீலாவதி என்ற பேசும் படம் வெளிவந்தது. எஸ். எஸ். வாசன் எழுதிய கதை. டைரக்டரோ எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாதவர். வசனம் எழுதியவர் நாடக ஆசிரியர் கந்தசாமி முதலியார். அவருடைய மகன் எம். கே. ராதாதான் கதாநாயகன். நல்ல குடும்பஸ்தன் ஒருவன் கூடாத நட்பினால் குடியில் விழுந்து, கொலைப் பழிக்குப் பயந்து இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிற கதை அது. அவனைக் குடியில் தள்ளும் கூடாத நண்பன் ராமநாதன் வேஷம் பாலையாவுக்கு. வயது இருபத்தொன்று. அதே படத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டராகச் சிறு வேஷத்தில் இன்னோர் இளைஞரும் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். அவர் எம். ஜி. ராமச்சந்திரன். என். எஸ். கிருஷ்ணனும் அதில் உண்டு.

இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். அந்த முதல் படத்தில் பெரிய வேஷம் பாலையாவுக்கு, சின்ன வேஷம் எம். ஜி. ஆருக்கு. பிறகு ஒருவர் கோடிக்கணக்கானவர்கள் கொண்டாடும் கதாநாயகராகி, 1977-ல் முதல் மந்திரியும் ஆனார். மற்றவர் கடைசி மட்டும் இரண்டாம் இடத்திலேயே நின்றார். நின்று தேய்ந்து போனாரா என்றால், இல்லை. நான் சொல்ல வந்த விஷயம் அதுதான்.

அடுத்த வருஷம் டங்கனின் அம்பிகாபதி. கதாநாயகன் தியாகராஜ பாகவதர். அவருக்கு எதிராக வாளேந்தும் ருத்திரசேனன் பாலையா. பாகவதருக்காக ஜனங்கள் கொட்டகையை நிரப்பிய காலம் அது. படமும் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அதன் பிறகு ஏறக்குறைய இருபது வருஷம், துர்மந்திரி, வஞ்சகன், பேராசைக்காரன் என்று கெட்டவன் வேஷங்கள் வரிசையாக வந்தன. 1956-ல் வந்த மதுரை வீரனில் நரசப்பன் வரையில் அந்தப் பட்டியலை நீட்டலாம். எல்லாவற்றையும் இங்கே அடுக்குவதில் பிரயோசனமில்லை.

கெட்டவன் வேஷம் போடுவது சுலபமான காரியமல்ல. நம் கடற்கரைப் பங்குகளில் பாஸ்கா போடும்போது பார்த்திருப்பீர்கள். அருளப்பராக நிற்க நான்கு பையன்கள் முந்துவார்கள். யூதாஸ் வேஷத்துக்கு மட்டும் ஆள் பிடித்து வர வேண்டும். வந்தவனுடைய தாயாரைச் சமாதானப்படுத்துவது அதைவிடப் பெரிய வேலை. ஆனால் யூதாஸ் சரியாக அமையாவிட்டால் நாடகமே சப்பென்று போய்விடும் என்பது பயிற்றுவிக்கிறவர்களுக்குத் தெரியும். தமிழ்ப் படங்களில் அந்தப் பாரத்தை வருஷக்கணக்காகச் சுமந்தவர்களில் பாலையா ஒருவர்.

அந்தப் பாரத்தோடேயே அவர் நின்றுவிடவில்லை என்பது விசேஷம். 1949-ல் அண்ணாதுரை எழுதிய வேலைக்காரி படத்தில் கதாநாயகனுக்கு யோசனை சொல்லும் புத்திசாலித் தோழனாக வந்தார். 1954-ல் தூக்குத் தூக்கியில் கொச்சைத் தமிழ் பேசும் வடநாட்டுச் சேட்டாக வந்து சிரிக்க வைத்தார். தீய குணமும் சிரிப்பும் ஒரே ஆளிடம் குடியிருக்கலாம் என்று அந்த வேஷத்தில் கண்டுகொண்டார் போலும். 1959-ல் பாகப்பிரிவினை. ஒரே வீட்டை இரண்டாக்கிச் சுவர் எழும்பும் கதை. மனைவிக்கு எதிராக வாய் திறக்கவும் முடியாமல், தம்பியை மறக்கவும் முடியாமல் தவிக்கிற அண்ணன் வேஷம் அவருக்கு. கெட்டவனும் இல்லை, தைரியசாலியும் இல்லை. நம் வீடுகளில் இருப்பது போன்ற ஒரு மனிதன். பங்காளிச் சண்டை நடக்கும் எந்தக் குடும்பத்திலும் அப்படி ஒருவரைப் பார்க்கலாம். பாலையாவின் இரண்டாம் பிறப்பு அங்கேதான் என்பது என் அபிப்பிராயம்.

1964-ல் ஸ்ரீதர் எடுத்த காதலிக்க நேரமில்லை படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பணக்காரத் தோட்ட முதலாளி விசுவநாதனாகப் பாலையா. படம் எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் அமர்க்களம் செய்யும் பிள்ளை செல்லப்பாவாக நாகேஷ். பிள்ளை தகப்பனிடம் ஒரு பேய்க்கதை சொல்லுகிற கட்டம் ஒன்று வருகிறது. கதவு கிரீச்சிடுவதும் காற்று வீசுவதும் நாகேஷின் வாயிலிருந்தே வரும். எல்லோரும் நாகேஷைப் புகழ்கிறார்கள், நியாயந்தான். ஆனால் இனிமேல் பார்க்கும்போது பாலையாவை மட்டும் கவனித்துப் பாருங்கள். அவருக்கு அங்கே வசனம் என்று ஏதுமில்லை என்றே சொல்லலாம். கேட்கிறார், அவ்வளவுதான். முதலில் பிள்ளையை மட்டமாக எண்ணும் அலட்சியம்; பிறகு சற்றே ஆவல்; பிறகு கண் விரிகிறது; பெரிய மனிதர் மறைந்து இருட்டுக்குப் பயப்படும் குழந்தை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. கேட்பவர் பயந்தால்தானே சொன்னவருக்குப் பெருமை! தகப்பன் பயப்படாமல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தால் நாகேஷின் சாமர்த்தியம் முழுவதும் வீணாயிருக்கும். நாடகத்தில் ஐம்பது வசனம் பேசுவதைவிட ஒருவன் பேசுவதை ஒழுங்காகக் கேட்பது கடினம் என்பார்கள். குடும்பத்திலும் அப்படித்தான் என்று தாய்மார்கள் சொல்லக் கூடும்.

அதே கதையை ஸ்ரீதர் 1966-ல் ஹிந்தியில் எடுத்தார். அதில் நாகேஷின் வேஷத்தை மெஹமூதும், பாலையாவின் வேஷத்தை ஓம் பிரகாஷும் ஏற்றார்கள். வடநாட்டிலும் அந்தக் கட்டம் பிரபலமாயிற்று.

அடுத்த வருஷம், 1965-ல், ஏ. பி. நாகராஜனின் திருவிளையாடல். பாண்டியன் சபைக்கு வரும் ஹேமநாத பாகவதர் என்ற வித்துவான் வேஷம் அவருக்கு. தன்னைப் பாட்டில் வெல்ல இந்நாட்டில் எவரும் இல்லையென்றால் நாடே தனக்கு அடிமை என்று பந்தயம் போடும் அகங்காரி. சபையில் அவர் பாடும் ராகமாலிகையைப் பின்னணியில் பாடியவர் எம். பாலமுரளிகிருஷ்ணா. குரல் ஒருவருடையது, உடல் ஒருவருடையது என்று நம்ப முடியாதபடி, கழுத்து நரம்பும் கை வீச்சும் மீசைக்குள் ஒளிந்த சிரிப்புமாகப் பாலையா உட்கார்ந்திருப்பார். பாடி முடிந்ததும் சபையைச் சுற்றிப் பார்க்கும் அந்தப் பார்வை இருக்கிறதே, ஆணவம் என்பதற்குப் பிள்ளைகளிடம் வேறு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பிறகு இரவில் அவர் தங்கிய வீட்டுத் திண்ணையில் விறகு விற்கிறவன் ஒருவன் பாடுகிறான். பாடுகிறவர் சிவாஜி கணேசன், பின்னணிக் குரல் டி. எம். சௌந்தரராஜன். உள்ளே படுத்திருந்தவர் எழுந்து வருகிறார். ஒரு விறகுவெட்டியே இப்படிப் பாடினால் என்ற எண்ணம் அந்த முகத்தில் விழுந்து, பெருமை சரிந்து, இரவோடிரவாக ஊரை விட்டே போய்விடுகிறார். அவர் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்ததால்தான் எதிரே நின்றவர் உயர்ந்து தெரிந்தார். தோற்கும் வேஷத்தை இவ்வளவு மனதாரச் செய்ய எத்தனை நடிகர்கள் சம்மதிப்பார்கள்?

இங்கே ரேடியோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். படக் கொட்டகைக்குப் போக வீட்டில் அனுமதி கிடைக்காத எத்தனையோ குடும்பங்களுக்குப் பாலையா ரேடியோ வழியாகவே அறிமுகமானார். இலங்கை வானொலி நம் கரையில் துல்லியமாகக் கேட்கும். திருநெல்வேலி வானொலி நிலையமும் 1963-ல் வந்துவிட்டது. படத்தின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கி ஒலிச்சித்திரமாகப் போடுவார்கள். திருவிளையாடல் வசனமோ இசைத்தட்டாகவும் வந்து, கலியாண வீட்டு ஒலிபெருக்கிகளில் ஊருக்கே கேட்டது. முகம் தெரியாத அந்தக் கருவியில் பல நடிகர்கள் பாதியாகிவிடுவார்கள். பாலையாவோ ஒரு செருமலிலேயே அடையாளம் தெரிவார். ஒலிபெருக்கி இல்லாத மேடையில் பழகிய தொண்டைக்குக் கண்காணாத கேட்போர் புதியவர்கள் அல்லவே.

1967-ல் பாலசந்தரின் பாமா விஜயம். அடுத்த வீட்டுக்கு ஒரு சினிமா நட்சத்திரம் குடிவர, மூன்று மருமக்களும் பவிஷு காட்டக் கடன் வாங்கிச் சாமான்களைக் குவிக்க, வரவுக்கு மீறிய செலவில் தத்தளிக்கும் குடும்பத்தைப் பெரியவர் ஒருவர் தந்திரமாய்ச் சீர்படுத்துகிறார். அந்தப் பெரியவர் பாலையா. முப்பது வருஷங்களுக்கு முன் ஒரு குடும்பஸ்தனைக் குடியில் தள்ளிக் கெடுத்தவராக வந்தவர், இப்போது குடும்பத்தைக் கட்டிக் காக்கும் தகப்பனார். மாதத் தவணையில் பண்டம் வாங்கும் வீடுகளுக்கு இந்தப் படத்தை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

1968-ல் தில்லானா மோகனாம்பாள். கொத்தமங்கலம் சுப்புவின் நாவல். சிவாஜி கணேசன் நாதஸ்வர வித்துவான், பாலையா அவருக்குத் தவில் வாசிக்கும் முத்துராக்கு. நாதஸ்வரக் கோஷ்டியில் தவில்காரர் எப்போதும் பக்கத்தில்தான் உட்காருவார். ஆனால் தவில் நின்றால் கச்சேரி நின்றுவிடும். கோபக்காரத் தம்பியைத் தேற்றி, அதட்டி, வேண்டிய இடத்தில் விட்டுக்கொடுத்து, தன் தவிலையும் விட்டுக்கொடுக்காத முத்துராக்கு, பாலையாவுக்கென்றே பிறந்த பாத்திரம். ரயில் பெட்டியில் இளையவர்கள் இருவரும் பார்வையாலேயே பேசிக்கொள்ள, இடையில் அகப்பட்ட பெரியவராக அவர் படும் பாட்டை இன்றைக்குத் தொலைக்காட்சியில் போட்டாலும் வீட்டில் சமையல் நின்றுபோகிறது.

அதற்குப் பிறகு அதிக காலம் இல்லை. 1972-ம் வருஷம் ஜூலை 22-ம் தேதி பாலையா காலமானார். ஐம்பத்தெட்டாவது பிறந்த நாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. படங்களில் அத்தனை கிழவர்களாக வந்தவருக்கு வயது அவ்வளவுதானா என்று ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. அவருடைய மகன் ஜூனியர் பாலையா என்ற பெயரில் மேடையிலும் படங்களிலும் நடித்தார். கரகாட்டக்காரனில் அவரைப் பார்த்திருப்பீர்கள். தந்தையைப் போலவே கதாநாயகனுக்குப் பக்கத்தில் நிற்கும் வேஷங்களையே ஏற்று வந்த அவரும் 2023 நவம்பர் 2-ம் தேதி காலமாகிவிட்டார்.