காலாராம் கோயில் வாசலில் அம்பேத்கர்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைக் கும்பிடப் பெரம்பலூர்ப் பக்கம் செல்வோர், மதுரையை எரித்த கண்ணகியே அங்கு வந்து அமர்ந்தாள் என்று சொல்லக் கேட்கலாம். காப்பியங்கள் ஏட்டோடு நிற்பதில்லை. ஊர்களில் வந்து குடியேறிவிடுகின்றன. கோதாவரிக் கரையில் நாசிக் நகரின் பஞ்சவடி, இராமன் வனவாசம் இருந்த இடமாக வணங்கப்படுகிறது. அங்குள்ள காலாராம் கோயிலின் கதவைத்தான் 1930 மார்ச்சில் அம்பேத்கர் தலைமையில் தீண்டப்படாத மக்கள் முற்றுகையிட்டனர்.

அம்பேத்கருக்கும் இராமனுக்குமான வழக்கு அதற்கும் முந்தையது. படையில் சுபேதாராக இருந்த தந்தை ராம்ஜி சக்பால் கபீர் நெறியினர். ஆயினும் பிள்ளைகளை இராமாயணமும் பாரதமும் படிக்க வைத்தார். துரோணரும் கர்ணனும் எளிய நிலையிலிருந்து உயர்ந்தவர்கள், வால்மீகி தாழ்ந்த குலத்தவர், ஆகவே இவற்றைப் படித்தால் தாழ்வு மனப்பான்மை நீங்கும் என்பது அவர் கருத்து. மகனுக்கு அது போதவில்லை. பீஷ்மரையும் துரோணரையும் கிருஷ்ணனையும் தனக்குப் பிடிக்கவில்லை என்றார். சூர்ப்பனகைக்கும் வாலிக்கும் சீதைக்கும் இராமன் செய்தவற்றை ஏற்க இயலாது என்றார். தந்தை மறுமொழி சொல்லவில்லை. காப்பியத்துக்குள் நம்மவர் ஒருவரைத் தேடிக் கண்டு ஆறுதல் அடையும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டு. ஏகலைவன் பெயரைச் சொல்லாத கல்லூரி மேடை அரிது. அந்த ஆறுதலை அவர் இளமையிலேயே மறுத்துவிட்டார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நாசிக்கில் கோயில் நிர்வாகம் கதவுகளை அடைத்தது. ஏப்ரலில் இராமநவமி வந்தது. தேரை இரு தரப்பாரும் இழுக்கலாம் என்று உடன்பாடு கண்டார்கள்; சாதி இந்துக்கள் அதை மீறினார்கள், கற்கள் பறந்தன. தாதாசாகேப் கெய்க்வாட் போன்றோர் களத்தில் நின்று ஆண்டுக்கணக்கில் போராடியும் கதவு திறக்கவில்லை. 1935 அக்டோபரில் இயோலா மாநாட்டில், தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அம்பேத்கர் அறிவித்தார்.

மறு ஆண்டு லாகூர் மாநாட்டுக்காக எழுதி, மாநாடே கைவிடப்பட்டதால் நூலாக வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் சம்பூகனை எடுத்துக்கொண்டார். தவம் செய்த சூத்திரனைக் கொன்றதற்காக இராமனை மட்டும் பழித்துப் பயனில்லை என்பது அவர் வாதம். நால்வருணத்தைக் காக்கும் அரசு, வரம்பு மீறியவனைத் தண்டிக்காமல் நிலைக்க முடியாது. அரசனாக அவன் அதைச் செய்தே தீர வேண்டும். இராமராச்சியத்தை நல்லாட்சியின் மறுபெயராகக் காந்தியார் முன்வைத்துவந்த காலம் அது. நம் பார்வையில் அம்பேத்கரின் மிகக் கூர்மையான அரசியல் வாசிப்பு இதுதான். கதைமாந்தரின் குணத்தை விட்டு, அவர்களை இயக்கும் சட்டத்தைப் பார்க்கிறார்.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவியபோது ஏற்ற 22 உறுதிமொழிகளில், இராமனையும் கிருஷ்ணனையும் வணங்க மாட்டேன் என்பதும் ஒன்று. அடுத்த இரண்டு மாதத்துக்குள் மறைந்தார்.

வழக்கு அத்தோடு முடியவில்லை. அவர் அச்சேற்றாமல் விட்டுச்சென்ற 'இந்து மதத்தின் புதிர்கள்' நூலை மகாராட்டிர அரசு 1987இல் வெளியிட்டது. தூர்தர்சனில் இராமாயணத் தொடர் ஓடிக்கொண்டிருந்த ஆண்டு அது. இராமனையும் கிருஷ்ணனையும் பற்றிய பகுதியை நீக்கச் சொல்லிச் சிவசேனை கிளர்ந்தது. அரசு பணியத் தொடங்கியது. 1988 தொடக்கத்தில் தலித் மக்கள் பம்பாயில் பெருந்திரளாகப் பேரணி நடத்தினர். அப்பகுதி தப்பியது. இக்கருத்துகளில் அரசுக்கு உடன்பாடில்லை என்ற குறிப்பு அதனுடன் சேர்க்கப்பட்டது.