மூன்று தீபாவளி கண்ட படமும் ஜெயிலுக்குப் போன கதாநாயகனும்



1944 தீபாவளிக்கு சென்னை பிராட்வே தியேட்டரில் ஹரிதாஸ் என்று ஒரு படம் ரிலீஸ் ஆனது. அடுத்த தீபாவளிக்கும் அங்கே அதே படம். 1946 தீபாவளிக்கும் அதே படம்தான்! இப்போது ஒரு படம் மூன்று வாரம் ஓடினாலே போஸ்டர் ஒட்டுகிறார்கள். ஆனால் அந்த இரண்டாவது, மூன்றாவது தீபாவளிகளில் படத்தின் கதாநாயகன் எங்கே இருந்தார் தெரியுமா? ஜெயிலில்! கொலை வழக்கில் தண்டனை பெற்ற கைதியாக. அவர்தான் எம்.கே. தியாகராஜ பாகவதர்.

1910 மார்ச் 1-ம் தேதி மாயவரத்தில் ஒரு பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பம் திருச்சிக்குக் குடிவந்தது. பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, பாட்டு மட்டும் ஏறியது. வீட்டைவிட்டு கடப்பாவுக்கு ஓடிப்போய், அங்கே கூட்டத்துக்கு நடுவில் பாடிக்கொண்டிருந்த பிள்ளையை அப்பா தேடிப்பிடித்துக் கூட்டிவந்தாராம். பத்து வயசு வாக்கில் எஃப்.ஜி. நடேச அய்யரின் சபா நாடகத்தில் லோகிதாசனாக மேடை ஏறினார். அப்போதெல்லாம் மைக் கிடையாது. கடைசி வரிசை வரைக்கும் குரல் போய்ச் சேர வேண்டும், போய்ச் சேர்ந்தது!

1934-ல் பவளக்கொடி மூலம் சினிமாவுக்கு வந்தார். 1937-ல் வந்த சிந்தாமணி ஓடிய ஓட்டத்தில், அந்த லாபத்தைக் கொண்டே மதுரையில் சிந்தாமணி என்ற பெயரில் தியேட்டர் கட்டினார்கள். அம்பிகாபதி, திருநீலகண்டர், அசோக்குமார், சிவகவி... வரிசையாக வெற்றி. ஊரெல்லாம் பாகவதர் கிராப். அவர் மாதிரி முடி வளர்க்காத வாலிபன் இல்லை என்பார்கள்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. சென்னையில் லட்சுமிகாந்தன் என்று ஒரு பத்திரிகைக்காரர். சினிமா தூது என்ற பத்திரிகையில் நடிகர் நடிகைகளின் சொந்த வாழ்க்கையை அசிங்கமாக எழுதுவார். எழுதாமல் இருக்கப் பணம் வாங்குவார் என்றும் பேச்சு. பாகவதர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், கோவை பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடு மூன்று பேரும் என்ன செய்தார்கள்? அடியாளை அனுப்பவில்லை. கவர்னருக்கு மனு கொடுத்தார்கள். அது உலகப் போர்க்காலம். காகிதத் தட்டுப்பாடு இருந்ததால் பத்திரிகை நடத்த லைசென்ஸ் தேவை. மனுவைப் பார்த்து அந்த லைசென்ஸை ரத்து செய்தார்கள், பத்திரிகை நின்றது. ஆனால் அந்த ஆள் ஓயவில்லை. இந்து நேசன் என்ற இன்னொரு பத்திரிகையைப் பிடித்து அதில் ஆரம்பித்தார்.

1944 நவம்பர் 8. வேப்பேரிப் பக்கம் ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்திவிட்டார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஹரிதாஸ் ரிலீஸ் ஆகி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை! டிசம்பரில் பாகவதரும் கலைவாணரும் கைது. நாயுடுவையும் கேஸில் சேர்த்தார்கள்.

இந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் யோசித்தேன். பாகவதர் குத்தினார் என்று போலீஸ் சொல்லவில்லை. குத்தச் சொல்லிச் சதி செய்தார் என்பதுதான் குற்றச்சாட்டு. அதற்குக் காரணம் வேண்டுமல்லவா? பத்திரிகையில் எழுதியதால் வந்த பகை என்றார்கள். பகைக்கு அடையாளமாக அவர்கள் கொடுத்த மனுவே இருந்தது! சட்டப்படி போன வழி சட்டத்தின் முன்னாலேயே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. எழுதினதைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் தப்பியிருப்பாரோ என்னவோ! மனு கொடுத்தது தப்பு என்று மட்டும் என்னால் நினைக்க முடியவில்லை.

கேஸ் சென்னை ஐகோர்ட்டில் ஜூரி முன்னால் நடந்தது. ஜூரி என்றால் வக்கீலுக்குப் படித்தவர்கள் அல்ல, ஊரில் உள்ள பொதுஜனங்களிலிருந்து பொறுக்கி எடுத்து உட்கார வைத்தவர்கள். (இப்போது நம் நாட்டில் கொலை வழக்குக்கு ஜூரி கிடையாது.) அப்ரூவர் ஒருத்தர் இருந்தார். அதாவது குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று ஒத்துக்கொண்டு, மன்னிப்புப் பெற்று, மற்றவர்களைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி. 1945 மே மாதம் தீர்ப்பு வந்தது. நாயுடு விடுதலை. பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் முழுக்க நாடு கடத்தல். பேர்தான் நாடு கடத்தல், அனுபவித்தது நம்ம ஊர் ஜெயில்.

ஐகோர்ட்டில் அப்பீல் செய்தார்கள், தள்ளுபடி ஆனது. அதற்கு மேலே லண்டன் பிரிவி கவுன்சில். கடல் தாண்டி கேஸ் நடத்துவது என்றால் செலவு எவ்வளவு ஆகும்! அங்கே நேராக விடுதலை செய்யவில்லை. அப்பீலை மறுபடி கேளுங்கள் என்று சென்னைக்கே திருப்பி அனுப்பினார்கள். இந்தத் தடவை ஐகோர்ட் நீதிபதிகள் சாட்சிகளை நம்பத் தகுந்தவர்களாக ஏற்கவில்லை. 1947 ஏப்ரலில் இரண்டு பேரும் விடுதலை. தண்டனை ரத்து!

ஆனால் ஜெயிலில் போனது ஏறக்குறைய இரண்டு வருஷம். கைது ஆனபோது கையில் இருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் கைவிட்டுப் போயின. கலைவாணர் வீட்டில் டி.ஏ. மதுரம் அம்மாள் தைரியமாக நின்று பைத்தியக்காரன் படத்தை எடுத்தார். கலைவாணரும் வெளியே வந்து அதில் நடித்தார், பிறகு நல்லதம்பி, மணமகள் என்று முன்போலவே நின்றார். பாகவதருக்கு அப்படி அமையவில்லை. ராஜமுக்தி, அமரகவி, சியாமளா, புதுவாழ்வு எதுவும் பழைய மாதிரி ஓடவில்லை. அவர் நடித்தது மொத்தமே 14 படங்கள். ஜெயிலுக்கு முன்னால் 9, பின்னால் 5. ரசனை மாறிவிட்டது, வசனப் படங்கள் வந்துவிட்டன என்று காரணம் சொல்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அதே ரசனை மாற்றத்தில் கலைவாணர் தாக்குப்பிடித்தாரே! சிரிக்க வைக்கிறவரை ஜனங்கள் சீக்கிரம் மன்னித்துவிட்டார்கள், சாமி வேஷத்தில் கும்பிட்டவரை மன்னிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மன்னிக்க அங்கே குற்றமே நிரூபணம் ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் அப்பத்தாவுக்கு பாகவதர் பாட்டு என்றால் உயிர். அவங்க அப்பா பாடிக் கேட்டது. அவர் பேரைச் சொன்னால் உடனே, கொலைக் கேஸில் உள்ளே போனவர் என்பாங்க. விடுதலை ஆன விஷயம் அவங்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் புத்தகம் எடுத்துப் படித்துச் சொல்ல முதல் ஆள் நான்தான். அதனால் லைப்ரரி புத்தகத்தை உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் குத்தச் சொன்னது யார் என்று கேட்டாங்க. புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. இன்றுவரை தெளிவாகாத கேஸ் அது.

நமக்கும் இதில் ஒரு சங்கதி உண்டு. டிப்ளமா முடித்து அரசாங்க வேலைக்குப் போனால் ஒரு படிவம் தருவார்கள். எப்போதாவது கைது செய்யப்பட்டது உண்டா, வழக்கு உண்டா என்று அதில் கேள்வி இருக்கும். விடுதலை ஆகியிருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். பாகவதரை ஊர் கேட்டதும் அந்தக் கேள்வியைத்தான். தீர்ப்பை யாரும் கேட்கவில்லை.

1959 நவம்பர் 1-ம் தேதி சென்னையில் பாகவதர் காலமானார். வயது 49. அவர் நடித்த கடைசிப் படமான சிவகாமி அடுத்த வருஷம்தான் திரைக்கு வந்தது.