குமாஸ்தா சமைத்த குட்டி ரயில்

1863-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்த பிராங்க் ஹார்ன்பி, பொறியியல் பயின்றவரல்லர். இறைச்சி இறக்குமதி வணிக நிலையமொன்றில் கணக்கெழுதிய குமாஸ்தா. தம் புதல்வர் விளையாடும்பொருட்டு, துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் இணைத்துப் பாலமும் பாரந்தூக்கியும் சமைத்தார். பிரித்துப் பூட்டினால் அப்பட்டைகளே வேறொரு பொருளாகும். காப்புரிமைக்குப் பொருளின்றி நின்றவருக்கு முதலாளி எலியட் 5 பவுன் கடனீந்தார். 1901-இல் உரிமை கிட்டிற்று. பின்னர் ‘மெக்கானோ’ எனப் பெயர் பூண்டு அது பல நாடுகளிலும் பரவிற்று. 1920-இல், சாவி முடுக்கினால் தண்டவாளத்தில் ஓடும் ஹார்ன்பி ரயில் எஞ்சின்களும் வண்டிகளும் வெளிவந்தன. அவையும் சிறுவர் பிரித்துப் பூட்டத்தக்கனவாகவே முதலில் அமைந்தன. 1936-இல் அவர் மறைந்தார். குட்டி ரயில்கள் நிற்கவில்லை. அன்பர்களே, அலுவல் முடிந்தபின் மக்களுக்கென நாம் ஒதுக்கும் நாழிகை சிறிதன்று.