52 வயதில் வந்த புகழ்

குட்டையான உருவம். உருண்டை முகம். வழுக்கைத் தலை. கண் பார்வையும் குறைவு.

இப்படிப்பட்டவர் நடிகராக முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஆர்தர் லோ. இங்கிலாந்து நாட்டு மக்களை வீட்டுக்கு வீடு சிரிக்க வைத்தவர். ஆனால், அந்தப் பெயரும் புகழும் அவருக்கு 52 வயதுக்கு மேல்தான் வந்தன.

ரெயில்வேக்காரர் மகன்

ஆர்தர் லோ 1915-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி பிறந்தார். சொந்த ஊர், டெர்பிஷயர் பகுதியில் உள்ள ஹேபீல்டு.

தகப்பனாருக்கு ரெயில்வே கம்பெனியில் வேலை. ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனிகளைத் தனி ரெயில்களில் ஏற்றி அனுப்புவது அவர் பொறுப்பு. நடிகர்கள், திரைச்சீலைகள், பெட்டிகள் எல்லாம் அந்த ரெயிலில் போகும்.

மகனுக்கோ கப்பல் மீதுதான் ஆசை. வணிகக் கப்பலில் சேர விரும்பினார். கண் பார்வை சரியில்லை என்று சேர்க்க மறுத்து விட்டார்கள். விமானத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார்.

பட்டாளத்தில் நாடகம்

1939-ல் இரண்டாவது உலகப் போர் மூண்டது. அதற்குச் சற்று முன்புதான் ஆர்தர் லோ ராணுவத்தில் சேர்ந்திருந்தார். அங்கும் கண் குறுக்கே நின்றது. அதனால் அவருக்குத் தொழில்நுட்ப வேலை கொடுத்து, மத்திய கிழக்கு நாடுகளுக்கு அனுப்பினார்கள்.

அங்கே, வீட்டை விட்டு வந்த சிப்பாய்களின் ஏக்கத்தைப் போக்க நாடகங்கள் நடந்தன. ஆர்தர் லோவும் வேஷம் போட்டார். இதுதான் தன் தொழில் என்று அப்போது முடிவு செய்தார்.

போர் முடிந்த 1945-ம் ஆண்டு, மான்செஸ்டரில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தார். அப்போது வயது 30. அதே குழுவில் ஜோன் கூப்பர் என்ற நடிகை இருந்தார். 1948-ல் இருவரும் கணவன்-மனைவி ஆனார்கள்.

சின்ன வேஷங்கள்

இருவரும் லண்டனுக்கு வந்தார்கள். ஆனால் பெரிய வேஷம் கிடைக்கவில்லை. 1949-ல் வெளிவந்த ஒரு படத்தில் அவர் பத்திரிகை நிருபர். படம் முடிகிற நேரத்தில் வருவார், சில வார்த்தை பேசுவார், அவ்வளவுதான்!

வேஷம் சிறியது என்று அவர் சோர்ந்து போகவில்லை. 1952-ல் "கால் மீ மேடம்" என்ற இசை நாடகத்தில் நடித்தார். பிறகு இன்னும் பல நாடகங்கள்.

1960-ம் ஆண்டு "காரனேஷன் ஸ்ட்ரீட்" என்ற டெலிவிஷன் தொடர் ஆரம்பமாயிற்று. அதில் ஆர்தர் லோ துணிக்கடை மானேஜர். தன்னைப் பெரிய மனிதராக நினைத்துக் கொள்ளும் சின்ன மனிதர்! மக்கள் அவரை அடையாளம் கண்டு கொண்டார்கள். 1965 வரை அதில் நடித்தார். நாடக மேடையையும் விடவில்லை.

கிழட்டுப் பட்டாளம்

1940-ல் ஹிட்லரின் படைகள் இங்கிலாந்தில் வந்து இறங்கலாம் என்ற பயம் இருந்தது. ஊரைக் காக்க 17 வயது முதல் 65 வயது வரை உள்ள ஆண்களைக் கொண்டு ஊர்க்காவல் படை அமைத்தார்கள். ஆரம்பத்தில் பலருக்குத் துப்பாக்கி கூடக் கிடைக்கவில்லை.

ஜிம்மி பெர்ரி சிறு வயதில் அந்தப் படையில் இருந்தவர். டேவிட் கிராப்ட் என்பவருடன் சேர்ந்து அதையே சிரிப்புத் தொடராக எழுதினார். பெயர், "டாட்ஸ் ஆர்மி". அதாவது, அப்பாக்களின் பட்டாளம்!

அந்தப் பட்டாளத்தின் கேப்டன் வேஷம் முதலில் வேறு நடிகர்களுக்குத்தான் போயிற்று. அவர்கள் ஏற்கவில்லை. ஆர்தர் லோ போட்டி டெலிவிஷனில் நடித்தவர் என்பதால், பி.பி.சி. அதிகாரிகள் தயங்கினார்கள். பெர்ரி விடவில்லை. கடைசியில் வேஷம் அவருக்கே கிடைத்தது.

1968-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி தொடர் ஆரம்பமாயிற்று.

கேப்டன் மெய்ன்வாரிங் ஒரு பாங்கி மானேஜர். வீண் ஜம்பம் அதிகம். தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பார். காரியம் கெட்டுப் போகும். ஆனால் ஆபத்து வந்தால் முதல் ஆளாக நெஞ்சை நிமிர்த்தி நிற்பார். அதனால், அவரைப் பார்த்துச் சிரித்த மக்கள் அவரை நேசிக்கவும் செய்தார்கள்.

ஒரு காட்சியில், பிடிபட்ட ஜெர்மன் கப்பல் தலைவன், தன்னைக் கேலி செய்த பையனின் பெயரைக் கேட்கிறான். போர் முடிந்ததும் பழி வாங்குவதற்காக அவன் பட்டியல் எழுதுகிறான்! பெயரைச் சொல்லாதே என்று பையனுக்கு உத்தரவு போடும் கேப்டன், பெயரைச் சொல்லியே அவனைக் கூப்பிட்டு விடுகிறார். 1973-ல் வந்த இந்தக் காட்சியை இங்கிலாந்து மக்கள் இன்னும் மறக்கவில்லை.

தொடர் 1977 வரை ஓடியது. மொத்தம் 80 பகுதிகள். உச்சக் கட்டத்தில் 1 கோடியே 80 லட்சம் பேர் பார்த்தார்கள்.

கிடைக்காத கப்பல்

கையில் பணம் வந்ததும், 1968-ல் ஆர்தர் லோ ஒரு பழைய படகு வாங்கினார். 1885-ல் கட்டிய நீராவிப் படகு அது. பழுது பார்த்து, கடலில் ஓட விட்டார். இளமையில் கைக்கு எட்டாத கடல் இப்படி அவருக்குக் கிடைத்தது.

1974-ல் தேசிய நாடக மன்றத்தின் மேடையில் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நடித்தார். உடன் நடித்தவர், புகழ் பெற்ற ஜான் கில்குட்.

கடைசி நாள்

பிற்காலத்தில் தூக்க நோய் அவரைப் பிடித்தது. ஒத்திகையின் நடுவிலேயே தூங்கி விடுவார். ஆனாலும் நடிப்பை நிறுத்தவில்லை. மனைவியுடன் ஊர் ஊராகப் போய் நாடகம் நடத்தினார். தகப்பனார் ரெயில் ஏற்றி அனுப்பிய நடிகர்களைப் போல, மகனும் பெட்டியோடு புறப்பட்டார்.

1982-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி. பர்மிங்காம் நகரில் நாடகம். பகலில் டெலிவிஷனுக்குப் பேட்டி கொடுத்தார். மாலையில் ஒப்பனை அறைக்கு வந்தவர், அங்கேயே மயங்கி விழுந்தார். மறுநாள் விடியும் முன் உயிர் பிரிந்தது. வயது 66.

மனைவி ஜோன் நாடகத்தைக் கைவிடவில்லை. கணவரின் இறுதிச் சடங்குக்குக் கூடப் போகாமல், அவர் நடித்து வந்த அதே நாடகத்தில் தொடர்ந்து நடித்தார். ரசிகர்களை ஏமாற்றக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம்.

தெட்போர்டு என்ற ஊரில்தான் "டாட்ஸ் ஆர்மி" தொடரின் வெளிப்புறக் காட்சிகளை எடுத்தார்கள். 2010-ல் அங்கே கேப்டன் மெய்ன்வாரிங்குக்குச் சிலை வைத்தார்கள். குதிரை மீது வாள் ஏந்திய சிலை அல்ல. தெருப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சிலை. போகிறவர் வருகிறவர் எல்லோரும் உட்கார, பக்கத்தில் இடம் இருக்கிறது.