ஒரு லீற்றர் தண்ணீர்: பிரிமோ லெவி சுமந்த குற்றவுணர்வு

1944ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். ஜேர்மன் நாசிகள் பிடித்து வைத்திருந்த போலந்தில், அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் கடும் வெயில். குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களின் தூசி எங்கும் பறந்துகொண்டிருந்தது. கைதிகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. நிலவறை ஒன்றில் இடிபாடுகளை அகற்றிக்கொண்டிருந்த 25 வயது இத்தாலியர் ஒருவர் சுவரோரம் ஒரு குழாயைக் கண்டார். கல்லால் தட்டித் தட்டி அதன் மூடியைத் தளர்த்தியபோது தண்ணீர் துளித்துளியாக விழுந்தது. மொத்தம் ஒரு லீற்றர்கூட இருந்திருக்காது. கீழே மல்லாந்து படுத்துக் குடித்தார். தன் நெருங்கிய நண்பர் அல்பேர்ட்டோவுக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னார். இருவரும் ஒருவருக்கும் தெரியாமல் மிச்சத்தைக் குடித்தார்கள்.

வேலை முடிந்து முகாமுக்குத் திரும்பும் வரிசையில் அவருக்குப் பக்கத்தில் டானியேலே என்ற சக கைதி நடந்து வந்தார். உடலெல்லாம் சீமெந்துத் தூசி. உதடுகள் வெடித்திருந்தன. இவர்கள் இருவரும் குழாயின் கீழே படுத்திருந்ததை டானியேலே கண்டிருந்தார். ஆனாலும் அன்று எதுவும் கேட்கவில்லை. விடுதலை கிடைத்துப் பல மாதங்கள் கழிந்த பிறகுதான் கேட்டார், ஏன் உங்கள் இருவருக்கும் மட்டும், ஏன் எனக்கு இல்லை என்று.

தண்ணீரைக் கண்டுபிடித்தவரின் பெயர் பிரிமோ லெவி. இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான எழுத்தாளர்களில் ஒருவராகப் பின்னர் அறியப்பட்டவர்.

லெவி 1919 ஜூலை 31 அன்று இத்தாலியின் டூரின் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். இரசாயனவியல் படித்தார். 1938இல் வந்த இனவாதச் சட்டங்கள் யூதர்களைப் பாடசாலைகளிலும் தொழில்களிலும் இருந்து விலக்கின. ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்ததால் 1941இல் பட்டம் பெற முடிந்தது. 1943இல் பாசிசத்துக்கு எதிரான குழுவொன்றுடன் மலைக்குப் போனவர், அந்த ஆண்டு டிசம்பரில் பிடிபட்டார். 1944 பெப்ரவரியில் புகையிரதத்தில் அடைத்து அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். அந்தப் புகையிரதத்தில் இருந்தவர்கள் 650 பேர். வீடு திரும்பியவர்கள் ஏறக்குறைய 20 பேர்.

அந்தச் சிலருக்குள் தான் எப்படி வந்தேன் என்பதை லெவி பிறகு திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தார். இரசாயனவியல் தெரிந்ததால் கடைசி மாதங்களில் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. லொரென்சோ என்ற இத்தாலிய மேசன் ஆறு மாதங்கள் நாள்தோறும் சூப் கொண்டுவந்து கொடுத்தார். 1945 ஜனவரியில் நாசிகள் முகாமைக் கைவிட்டுக் கைதிகளை நடத்திச் சென்றபோது, காய்ச்சலில் கிடந்த லெவியை விட்டுவிட்டுப் போனார்கள். நடக்கக்கூடியவராக இருந்த அல்பேர்ட்டோ அந்த வரிசையில் சென்றார். அவர் திரும்பவே இல்லை.

ஊர் திரும்பிய லெவி, அல்பேர்ட்டோவின் வீட்டுக்குப் போனார். நடந்ததைச் சொல்லத் தொடங்கியதும் தாயார் தடுத்துவிட்டார். மகன் தப்பிவிட்டான், ரஷ்யர்களிடம் பத்திரமாக இருக்கிறான் என்று அவர் நம்பினார். ஒரு வருடம் கழித்துப் போனபோதும் அந்த நம்பிக்கை மாறவில்லை. அதன் பிறகு அந்த வாசலை மிதிக்க லெவிக்குத் துணிவு வரவில்லை.

தான் இன்னொருவருடைய இடத்தில் உயிரோடு இருக்கிறேனோ என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1986இல் வெளிவந்த நூலொன்றில் இதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். தன் நினைவுகளை ஒரு நீதிமன்றம்போல விசாரித்தார். யாருடைய பாணையும் திருடவில்லை. யாரையும் அடிக்கவில்லை, காட்டிக்கொடுக்கவில்லை. ஆனாலும் மனம் சமாதானமடையவில்லை. உதவி கேட்டு நின்ற புதியவர்களைக் கவனிக்காமல் கடந்து போனதும், பங்கிடாத அந்தத் தண்ணீரும் நினைவில் நின்றன. முகாமுக்குள் பெரும்பாலானோர் இப்படித்தான் இருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். அது விளக்கமாக இருந்ததே தவிர, ஆறுதலாகவில்லை.

அதேவேளை ஒரு விஷயத்தில் அவர் தெளிவாக இருந்தார். குற்றம் செய்தவர்கள் முகாமைக் கட்டியவர்களும் நடத்தியவர்களும்தான். தாகத்தால் மனிதரை மனிதரிடமிருந்து பிரித்தவர்கள் அவர்கள். பாதிக்கப்பட்டவரின் மனவுறுத்தலையும் கொலைகாரரின் குற்றத்தையும் ஒரே தட்டில் வைப்பவர்களை அவர் கடுமையாக மறுத்தார். நீ எழுதுவதற்காகவே காப்பாற்றப்பட்டாய் என்று நண்பரொருவர் ஆறுதல் சொன்னபோதும் அதை ஏற்கவில்லை. அப்படியானால் இறந்தவர்கள் எதற்காக இறந்தார்கள் என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது.

அவர் செய்தது பேசியதுதான். திரும்பி வந்த முதல் மாதங்களில் புகையிரதத்தில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொன்னார். பெயின்ற் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே எழுதினார். 1947இல் வெளியான முதல் நூல் 2,500 பிரதிகளே அச்சிடப்பட்டது. அவர் நிறுத்தவில்லை. திருமணம் செய்தார், பிள்ளைகளை வளர்த்தார், பாடசாலைகளுக்குப் போய் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

சூப் கொடுத்த லொரென்சோவால் அப்படி முடியவில்லை. முகாமில் கண்டவற்றால் வாழ்க்கையில் பிடிப்பை இழந்து குடிக்கத் தொடங்கினார். லெவி அவரைத் தேடிப்போய் வைத்தியசாலையில் சேர்த்தும் 1952இல் இறந்துபோனார். எத்தனையோ பேருக்கு உதவிய மனிதர் அவர். லெவி தன் இரு பிள்ளைகளின் பெயரிலும் லொரென்சோவின் பெயரைச் சேர்த்து வைத்தார்.

1987 ஏப்ரல் 11 அன்று லெவி டூரினில், தான் பிறந்த அதே வீட்டில் இறந்தார். அது தற்கொலை என்று அதிகாரிகள் முடிவு செய்தனர். விபத்தென்று நம்பும் நண்பர்களும் இருந்தனர். கடைசிக் காலத்தில் அவர் மனச்சோர்வு நோயால் அவதிப்பட்டிருந்தார். அவுஷ்விட்ஸ்தான் அவரைக் கொன்றது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது சுலபம். ஆனால் அதற்குப் பிறகு அவர் 42 ஆண்டுகள் வாழ்ந்தார், உழைத்தார், எழுதினார்.

இதை வாசிக்கும் பலருக்கும் தங்களுடைய ஒரு குழாய், ஒரு வரிசை, விட்டுவந்த ஒரு கை நினைவுக்கு வரலாம். அந்த உறுத்தல் வருவதனால் ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. அது நித்திரையைக் கெடுத்தால், வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

டானியேலேயும் லெவியும் போருக்குப் பிறகும் சந்தித்துக்கொண்டார்கள். அந்தத் தண்ணீர் ஒரு மெல்லிய திரையாக அவர்களுக்கிடையே இருந்ததை லெவி மறைக்கவில்லை. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் குழாயைப் பற்றி உலகுக்குத் தெரிந்திருக்காது.